பில் கவுண்டரில் சொன்ன பத்து எண்கள்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. சேலையைப் பையில் போட்டபடியே பில் போடும் பெண் கேட்கிறார்: "போன் நம்பர் சொல்லுங்க மேடம்." பின்னால் வரிசை நீள்கிறது. யோசிக்க நேரமில்லாமல் சொல்லிவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் வந்து விழும் விளம்பரங்களில் பல, கருவாவது இந்த நொடியில்தான்.

நம்பர் முதலில் பில்லிங் சாஃப்ட்வேரில் ஏறுகிறது. பிறகு வாடிக்கையாளர் பட்டியலாகி எக்செல் கோப்புக்குப் போகிறது. அங்கிருந்து அதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று நேர்வழி. பெரிய நிறுவனங்கள் மொத்தமாகச் செய்தி அனுப்ப வாட்ஸ்அப் 2018 ஆகஸ்டில் கதவைத் திறந்தது. கடைக்காக ஓர் ஏஜென்சி வாசகத்தைத் தயாரிக்கிறது. "வணக்கம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரட்டை அடைப்புக்குறிக்குள் 1 என்ற எண் மட்டும் இருக்கும். அனுப்பும்போது அங்கே உங்கள் பெயர் வந்து உட்காரும். அதற்குக் கீழே ஆடித் தள்ளுபடி. இந்த வாசகத்துக்கு வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டா ஒப்புதல் தரவேண்டும். 2025 ஜூலை முதல் போய்ச் சேரும் ஒவ்வொரு விளம்பரச் செய்திக்கும் தனிக் கட்டணம். பெறுபவரின் சம்மதம் இருக்கவேண்டும் என்பதும் விதி. ஆனால் பில்லுக்காக நம்பர் சொன்னதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு.

இன்னொன்று குறுக்குவழி. பட்டியல் கைமாறுகிறது. துணி வாங்கியவருக்கு "டிடிசிபி அப்ரூவ்டு மனை, உடனடிப் பத்திரப்பதிவு" என்று முன்பின் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வருகிறது. சாதாரண சிம், மொத்தமாக அனுப்பும் ஒரு மென்பொருள், அவ்வளவுதான் முதலீடு. அந்த எண் முடக்கப்பட்டால் அடுத்த சிம்.

விளம்பரக்காரர்கள் எஸ்எம்எஸ்ஸை விட்டு வாட்ஸ்அப்புக்கு வரக் காரணம் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018ல் கொண்டுவந்த விதிகளின்படி, வணிக எஸ்எம்எஸ் அனுப்புபவர் தன் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். வேண்டாம் என்பவர்கள் 1909 என்ற எண்ணில் சொல்லிவிடலாம். அந்த வேலி தொலைபேசி அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். இணைய அரட்டைச் செயலிகள் அதற்கு வெளியே இருக்கின்றன. அரட்டைச் செயலிகளின் பலவீனம் பழையது. 1996ல் வந்த ஐசிக்யூ என்ற அரட்டைச் செயலியில் முகவரி என்பது வெறும் வரிசை எண். ஒன்றுக்கடுத்து ஒன்றாக எண்ணிக்கொண்டே போனால் யார் வீட்டுக் கதவையும் தட்டலாம். போன் நம்பரையே முகவரியாக வைத்திருக்கும் இன்றைய செயலிகளிலும் அதே பலவீனம் தொடர்கிறது.

கடைசியில் செய்தி நம் கைக்கு வருகிறது. எரிச்சலோடு அழித்துவிடுகிறோம். அங்கேதான் தடயம் போய்விடுகிறது. தனிநபர் எண்ணிலிருந்து வரும் செய்தி பூட்டப்பட்ட நிலையிலேயே பயணிப்பதால், வழியில் அதை வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் படிக்க முடியாது. சாட்சி சொல்லக்கூடியவர் பெற்றவர் மட்டுமே. 'ரிப்போர்ட்' செய்தால் அந்த எண்ணிலிருந்து வந்த கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும், அனுப்பியவருக்குத் தெரியாது. நேர்வழியில் வரும் கடைக்கும் இது உறைக்கும்: பிளாக்கும் புகாரும் கூடக்கூட அந்த எண்ணின் தர மதிப்பீடு இறங்கும். எனவே முதலில் ரிப்போர்ட், கூடவே பிளாக், அதன் பிறகு அழிப்பது.

பிறக்கும் இடத்திலேயே தடுப்பது இன்னும் நல்லது. பில் போட போன் நம்பர் கேட்டு வற்புறுத்தக்கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியது. "நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் போதும்" என்று தாராளமாகச் சொல்லலாம். அதே ஆண்டில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு காரியத்துக்கென்று வாங்கிய சம்மதத்தை இன்னொன்றுக்கு நீட்டக்கூடாது என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

சட்டம் முழுதாக வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடையின் ஆஃபரும் மோசடிக்காரனின் வலையும் ஒரே திரையில், ஒரே தோரணையில்தான் வருகின்றன. அதிகம் ஏமாறக்கூடியவர்கள் போனுக்குப் புதியவர்கள். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, ரிப்போர்ட் பட்டன் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே காட்டிக்கொடுங்கள். ஒருமுறை அவர்கள் கையாலேயே அழுத்தச் சொல்லுங்கள்.