வாழவந்தியில் இரண்டு கல்லறைகள்

அப்பாவை அடக்கம் பண்ணின அன்னைக்கு பாஸ்டர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். எனக்கு ஆறுதல் வரலை, கோபம்தான் வந்தது. அழக்கூட விடமாட்டாங்களான்னு. அந்தக் கோபத்தைத் தணிச்சது எங்க பக்கத்து வரலாறு ஒன்று. ரொம்ப நாளாத் தள்ளிப்போட்ட பதிவு இது.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. இந்த ரோடெல்லாம் இல்லாத காலத்தில் மலைமேல் போய்க் குடியேறினவர் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி. 1913-ல் ஈவ்லினைக் கல்யாணம் செய்துகொண்டார். பிரசங்கத்தோடு மருந்து, பள்ளிக்கூடம், விவசாயம் என்று இருவரும் அலைந்தார்கள். அப்போது மலையில் நரம்புச் சிலந்தி நோய் அதிகம். கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுப்பதால் பரவுவது. காலில் இருந்து புழுவை வெளியே எடுப்பதும், கிணறுகளுக்குச் சுவர் கட்ட வைப்பதும் அவர்கள் வேலையில் சேர்ந்தது.

1923-ல் பிள்ளைகள் பாலையும் கோனியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். 1929 ஜூன் 15. மலேரியாவால் வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

லண்டனில் இருந்த பாலுக்கு அப்போது 14 வயது. தந்தி வந்துவிட்டது. அதற்கப்புறம் அப்பா கைப்பட எழுதின கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது! சாவுச் செய்தியை முந்த முடியாத கடிதம். படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஈவ்லின் நொறுங்கித்தான் போனார். ஆனாலும் இங்கிலாந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலை செய்யச் சொன்னது. எழுபது வயதை நெருங்கினபோது ஓய்வும் கொடுத்தது. "சரி, இனி என் இஷ்டம்" என்பது மாதிரி அந்தப் பாட்டி மறுபடி மலையேறினார்! மட்டக்குதிரையில் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று சுற்றினார். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்து, வாழவந்தியில் ஜெஸ்ஸி பக்கத்திலேயே அடக்கமானார். நடுவில் 45 வருஷம். நரம்புச் சிலந்தி இந்தியாவை விட்டே ஒழிந்ததாக 2000-ல் அறிவிக்கப்பட்டது. மகன் பால், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பேர் வாங்கினார்.

மறுபடி பார்ப்போம் என்று நம்பினவர் கல்லறை பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. அந்த நிச்சயம்தான் அவரைப் பயமில்லாமல் குதிரையேற வைத்தது என்று நினைக்கிறேன். அழுகையை அது தடுக்கவும் இல்லை. லாசருவை எழுப்பப் போவது தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டதாகத்தானே யோவான் எழுதியிருக்கிறார்? அன்னைக்கு பாஸ்டர் சொன்னதும் இதுவாக இருக்கலாம், எனக்குத்தான் காது அடைத்திருந்தது.

இந்த ஈஸ்டர் விடியற்காலையில் மெழுகுவர்த்தியோடு அப்பா கல்லறைக்குப் போனேன். நல்லா அழுதேன். கோபம் வரலை.

கொல்லிமலை போறவங்க ஆகாய கங்கையோடு திரும்பிடாதீங்க. வாழவந்திப் பக்கமும் ஒரு எட்டு போயிட்டு வாங்க.