‘கிராஃப்டிலி’: ஒரு வினையடையின் பொருள் வரலாறு

ஒருவர் ஒரு காரியத்தைக் ‘கிராஃப்டிலி’ செய்தார் என இன்றைய ஆங்கிலத்திற் கூறினால், பிறரை ஏய்க்கும் தந்திரத்தோடு செய்தார் என்றே கொள்வர். பழைய ஆங்கிலத்தில் இவ்வினையடை திறம்பட, கைவன்மையோடு என்னும் பொருளையே தந்தது. இதன் அடிச்சொல்லாகிய ‘கிராஃப்ட்’ முதற்கண் வலிமையைச் சுட்டியது. பின்னர் தொழிற்றிறனையும் அறிவாற்றலையும் தழுவி விரிந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட அல்பிரட் மன்னனின் பெயரால் வழங்கும் பொயீத்தியசின் மொழிபெயர்ப்பில், அறப்பண்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கு ஈடாக நிற்பதும் இதுவே. உழைப்பவனின் வலிமையும் திறனும் சான்றோனின் அறமும் ஒரே சொல்லுள் அடங்கியிருந்தன.

இச்சொல் இழிந்தமைக்கு 1066ஆம் ஆண்டின் நோர்மன் வெற்றியைக் காரணங்காட்டுவது எளிது. ஆளப்பட்டோரின் சொல் தாழ்ந்தது, ஆண்டோரின் பிரெஞ்சுச் சொல் உயர்ந்தது என்பது நம்மிற் பலருக்கு உவப்பான விளக்கமுங்கூட. ஆயின் சான்றுகள் அதற்கு முற்றாக இடந்தரவில்லை. பிரெஞ்சுவழி வந்த ‘ஆர்ட்’ என்பதன் அடியாகப் பிறந்த ‘ஆர்ட்ஃபுல்’ என்பதும் இதே இழிபொருளை எய்திற்று. அறிதல் என்னும் வினையினின்று தோன்றிய ‘கன்னிங்’கின் கதியும் அதுவே. எனவே சொல்லின் குலத்தையன்று, திறனை நோக்கிய சமூகத்தின் பார்வையையே ஆராய வேண்டும். தொழில் நுட்பங்கள் கைவினைஞர் குழுக்களுள் மறைவாகப் பேணப்பட்டன; பொருளை வாங்குவோன் முடிவைக் கண்டான், செய்முறையைக் கண்டிலன். காணாததன்மீது ஐயம் எழுதல் இயல்பு.

பெயர்ச்சொல் தப்பிப் பிழைத்தது. அதற்குப் பின்னால் தொழிற்குழுவும், ஏழாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய 1563ஆம் ஆண்டுச் சட்டமும் நின்றன. வினையடைக்கு அத்தகைய காவல் இல்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இப்பிளவு தெளிவாகத் தெரிகின்றது: ‘கிராஃப்ட்ஸ்மன்’ தொழிலாளி, ‘கிராஃப்டி’ என்பதோ சூழ்ச்சியாளரின் அடைமொழி. ‘கன்னிங்’ மட்டும் அந்நூலில் இன்னமும் தேர்ந்த கைவினைஞனைக் குறித்து நிற்கின்றது.

ஜேர்மன் மொழியில் இதே மூலத்தினின்று வந்த ‘கிராஃப்ட்’ வலிமை என்ற பழம்பொருளை இழக்கவில்லை. 1867இல் வெளிவந்த ‘மூலதன’த்தில் மார்க்ஸ் உழைப்புச் சக்திக்கு வழங்கும் சொல்லின் பிற்பகுதி அதுவேயாம். 1887இல் எங்கெல்சு பதிப்பித்த ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தின் சொந்தக் ‘கிராஃப்ட்’ அதற்குப் பயன்படவில்லை. ‘லேபர் பவர்’ என்றே பெயர்த்தனர். அவ்விரு சொற்களும் பிரெஞ்சுவழி வந்தவை.