துப்பாக்கிக் கட்டைப் புடைப்புச் செதுக்கல்

துப்பாக்கியின் மரக்கட்டையில், உருவத்தைச் சுற்றியுள்ள மரத்தைத் தாழ்த்தி உருவத்தை மேலெழச் செய்யும் கலை. 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில், ஜெர்மானிய வழிவந்த கைவினைஞர்கள் செய்த நீள்குழல் ரைஃபிள்களில் இது உச்சம் தொட்டது. கன்னம் பதியும் மேட்டுக்குப் பின்னே ரொக்கோகோ பாணிச் சுருள்கொடிகள் படர்ந்தன. அவர்கள் விரும்பிய மேப்பிள் மரத்தில் இழை அலைபாயும். மழுங்கிய உளி பட்டால் பிய்ந்துவிடும்.

புடைப்பின் உயரம் 1 மில்லிமீட்டர் அளவே போதும். உயரம் கூடினால் அழகு கூடும் என்பது தவறான எண்ணம். தேர்ச்சியற்ற வேலையைக் காட்டிக்கொடுப்பது உருவத்தைச் சுற்றித் தெரியும் பள்ளம். தாழ்த்திய தளத்தை அகலமாகச் சுரண்டி, கட்டையின் இயல்பான வளைவோடு கலக்கவிட வேண்டும். ஒரு தண்டு மற்றொன்றின் அடியில் நுழைவதுபோல் தளங்களை ஏற்றி இறக்கினால் கொடிக்கு உயிர் வரும். உப்புத்தாள் விளிம்புகளை மழுக்கும். இறுதிச் சீரமைப்பும் கூரிய உளியாலேயே நடக்க வேண்டும்.