பிரிட்டன் கேர் ஹோம் வேலை: ஆள் பற்றாக்குறை இருந்தும் விசா கிடைக்காதது ஏன்?

'பிரிட்டன் கேர் ஹோமில் வேலை, விசா உறுதி, முன்பணம் மட்டும் கட்டினால் போதும்' என்று யாராவது சொன்னால், ஒரு தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: 2025 ஜூலை 22. அன்றிலிருந்து பராமரிப்புப் பணியாளர் வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் நிறுத்திவிட்டது.

அப்படியென்றால் அங்கே ஆள் பற்றாக்குறை தீர்ந்துவிட்டதா? இல்லை. அதுதான் இதில் சிக்கலே.

எத்தனை பேர் இருந்தா போதும்?

கேர் ஹோம் என்பது முதியவர்களும், தனியாகச் சமாளிக்க முடியாதவர்களும் தங்கும் இல்லம். குளிக்க வைப்பது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, நேரத்துக்கு மாத்திரை கொடுப்பது எல்லாம் பணியாளர் வேலை. இங்கிலாந்தில் இந்த இல்லங்களைக் கண்காணிப்பது கேர் குவாலிட்டி கமிஷன், சுருக்கமாக சி.கியூ.சி. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி அமைப்புகள் உண்டு.

2014-ம் ஆண்டு விதிமுறைகளில் 18-வது விதி, தகுதியும் அனுபவமும் உள்ள பணியாளர்கள் 'போதுமான எண்ணிக்கையில்' இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் 10 பேருக்கு ஒருவர், 5 பேருக்கு ஒருவர் என்று எந்தக் கணக்கும் அதில் இல்லை.

காரணம் இருக்கிறது. தானே நடமாடும் 10 பேரும், படுக்கையை விட்டு எழ முடியாத 10 பேரும் ஒன்றல்ல. ஒருவரைத் தூக்கி உட்கார வைக்கவே இரண்டு பேர் தேவைப்படலாம். அதனால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு உதவி தேவை என்று இல்லமே கணக்கிட்டு, அதற்கேற்ப ஷிப்ட் போட வேண்டும். அந்தக் கணக்கு சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் இல்லத்துடையதுதான்.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்லாமல்தான் வருவார்கள். ஷிப்ட் அட்டவணை, பயிற்சிப் பதிவு, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் பார்ப்பார்கள். தாளில் எல்லாம் பக்காவாக இருக்கலாம். ராத்திரி பெல் அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்பதைத் தங்கியிருப்பவர்தானே சொல்ல முடியும்? அதனால் அவர்களிடமும் உறவினர்களிடமும் பேசுவார்கள்.

குறை இருந்தால் எச்சரிக்கை நோட்டீஸ், புதிதாக யாரையும் சேர்க்கத் தடை, கடைசியாகப் பதிவு ரத்து. ஆனால் ஓர் இல்லத்தை மூடினால், அங்கிருக்கும் வயதானவர்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். மறதி நோய் உள்ளவருக்கு அறை மாறுவதே பெரிய அதிர்ச்சி. எனவே அந்த ஆயுதத்தை எடுத்த எடுப்பில் பயன்படுத்த முடியாது.

விசா திறந்தது எப்படி, மூடியது எப்படி?

இங்கிலாந்தின் மொத்தப் பராமரிப்புத் துறையில் 2021-22-ல் சுமார் 1.65 லட்சம் இடங்கள் காலியாக இருந்தன. சம்பளம் குறைவு, வேலை கடினம். சூப்பர் மார்க்கெட்டில் நின்றால் ஏறக்குறைய அதே காசு. யார் வருவார்?

2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் விசா கதவு திறக்கப்பட்டது. இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் இருந்து ஆயிரக்கணக்கானோர் போனார்கள். 2024-25-ல் காலியிடம் சுமார் 1.11 லட்சமாகக் குறைந்தது.

கூடவே மோசடியும் வளர்ந்தது. வேலையே இல்லாத நிறுவனங்கள்கூட ஸ்பான்சர் சான்றிதழை விற்றன. லட்சக்கணக்கில் கொடுத்துப் போனவர்களுக்கு ஷிப்டே கிடைக்கவில்லை. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை இந்தத் துறையில் 470-க்கும் மேற்பட்ட ஸ்பான்சர் உரிமங்கள் ரத்தாகின, 39,000-க்கும் அதிகமான பணியாளர்கள் பாதிக்கப்பட்டனர் என்கிறது பிரிட்டன் அரசு. உரிமம் ரத்தானால் வேறு ஸ்பான்சரைத் தேட வழக்கமாகக் கிடைப்பது 60 நாள்தான். தப்பு செய்தது முதலாளி, மூட்டை கட்டுவது தொழிலாளி!

2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துவரத் தடை, இங்கிலாந்தில் ஸ்பான்சர் செய்ய சி.கியூ.சி. பதிவு கட்டாயம் என விதிகள் இறுகின. அடுத்த ஆண்டு கதவே மூடியது. இனி உள்ளூர் ஆட்களை ஈர்க்க, துறை முழுவதற்கும் பொதுவான ஊதிய ஒப்பந்தத்தை 2028-ல் கொண்டுவருவதாக அரசு சொல்கிறது. அதுவரை ஷிப்ட் அட்டவணையை நிரப்புவது எப்படி என்பதற்கு இல்லங்களிடம் ஏஜென்சி ஆட்களைத் தவிர பெரிய பதில் இல்லை.

இப்போ யாருக்கு வாய்ப்பு?

ஏற்கெனவே பிரிட்டனில் வேறு விசாவில் இருப்பவர்கள், அதே நிறுவனத்தில் குறைந்தது 3 மாதம் சட்டப்படி வேலை பார்த்திருந்தால், 2028 ஜூலை வரை இந்த விசாவுக்கு மாறலாம். பதிவுபெற்ற நர்ஸ்களுக்கான வழி தனி, அது மூடப்படவில்லை. இதைக் காட்டித்தான் ஏஜென்ட்டுகள் குழப்பக்கூடும், கவனம்.

ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசு இணையதளத்திலும், இல்லத்தின் தர மதிப்பீட்டை சி.கியூ.சி. தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். ஸ்பான்சர் சான்றிதழைக் காசுக்கு விற்பது சட்டவிரோதம்.