சாய்வெழுத்தின் பொருளும் போடோனியின் மெல்லிழைகளும்

உரோமன் எழுத்தில் அச்சாகும் நூல்களில் சாய்வெழுத்து இன்று நேரெழுத்துக்குத் துணையாகவே வருகிறது. தொடக்கத்தில் அதன் நிலை அதுவன்று. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் வெளியிட்ட வர்ஜிலின் கவிதைப் பதிப்பு முழுவதும் சாய்வெழுத்திலேயே அமைந்தது. பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அவ்வெழுத்து அறிஞர்களின் விரைவுக் கையெழுத்தைப் பின்பற்றியது. தலைப்பெழுத்துகள் மட்டும் நிமிர்ந்தே நின்றன.

நேரெழுத்தோடு ஒரே பக்கத்தில் கலந்து வரத் தொடங்கிய பின்னரே அது வேறுபாடு காட்டும் குறியாயிற்று. மொழிபெயர்ப்பாளர்கள் இதனை நுட்பமாகப் பயன்படுத்தினர். 1560ஆம் ஆண்டின் ஜெனீவா ஆங்கில விவிலியத்தில், மூலத்தில் இல்லாமல் ஆங்கிலத் தொடரமைப்புக்காகச் சேர்த்த சொற்கள் சாய்வெழுத்தில் இடப்பட்டன. எபிரேயத்தில், தமிழிற் போலவே, பெயர்ப் பயனிலைத் தொடருக்கு இணைப்புவினை வேண்டுவதில்லை, ஆங்கிலத்திற்கு வேண்டும். அந்த இணைப்புவினை சாய்ந்து நின்று, 'இது மூலத்திற்கு உரியதன்று' என அறிவித்தது. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு தடித்த கோதிக் எழுத்தில் அச்சானமையால், அதில் இப்பணியைச் சிறிய நேரெழுத்து செய்தது. பின்வந்த பதிப்புகளில் சாய்வெழுத்து மீண்டது. எனினும், சாய்வெழுத்தை அழுத்தக் குறியாகவே அறிந்த பிற்கால வாசகர், மூலத்தில் இல்லாத சொல்லையே அழுத்தி வாசிக்கவும் இடமேற்பட்டது.

குறியாகிவிட்ட இவ்வெழுத்தின் வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிதும் மாறியது. கூர்முனைப் பேனாவும் செப்புத்தகட்டுச் செதுக்கலும் தந்த மெல்லிய கோடுகளை அச்சிலும் காண விரும்பினர். எழுத்தாசிரியராயிருந்து அச்சாளரான பாஸ்கர்வில் 1757இல் வழவழப்பான தாளில் தம் வர்ஜில் பதிப்பை அச்சிட்டார். பாரிஸில் டிடோ குடும்பத்தாரும், 1768 முதல் பார்மா நகர அரசு அச்சகத்தை நடத்திய ஜாம்பட்டிஸ்டா போடோனியும் தடிப்புக்கும் மென்மைக்கும் உள்ள முரணை எல்லைவரை கொண்டு சென்றனர். போடோனியின் சாய்வெழுத்தில் அழுத்தக் கோடு கருமையாக இறங்கும். இணைப்புக் கோடும் முனைக்கோடாகிய செரிஃபும் மயிரிழையாக ஓடும். அவர் மறைந்தபின் 1818இல் அவர் மனைவி வெளியிட்ட இரு தொகுதி எழுத்து மாதிரி நூலில் இவ்வழகை முழுமையாகக் காணலாம்.

இவ்வகை எழுத்து பேரளவில், விரிந்த வெண்பரப்பில் ஒளிர்வது. நூல் முகப்புக்கும், அழைப்பிதழுக்கும், நாகரிக இதழ்த் தலைப்புக்கும் இசையும். சிற்றளவில், சொரசொரப்பான தாளில் இழை மறைந்துவிடும். 'ஈ' எனப்படும் ஆங்கிலச் சிற்றெழுத்து குறுக்குக்கோட்டை இழந்து 'சி' போலத் தோன்றும். மேற்கோட் சொற்களைச் சாய்வெழுத்தில் தரும் மொழியியல் கட்டுரைக்கு இஃது ஏற்றதன்று. ஒலிக்குறி ஒன்று மங்கினால் சான்றே மாறிவிடும். 1990களின் தொடக்கத்தில் ஜோனதன் ஹோஃப்லர் டிடோ வகை எழுத்தைப் புதுக்கியபோது, அளவுக்கேற்ப இழையின் பருமன் மாறுமாறு தனித்தனி வடிவங்கள் வரைந்தது இவ்விடர் கருதியே.

தமிழ் அச்சில் சாய்வெழுத்துக்குத் தனிக் கையெழுத்து மரபில்லை; நேரெழுத்தைச் சாய்த்தே அமைப்பர். ஆகவே ஆங்கில நூலின் சாய்வை அப்படியே படியெடுப்பது மொழிபெயர்ப்பாகாது. அழுத்தத்திற்கெனச் சாய்ந்த சுட்டுப்பெயர் தமிழில் 'அவனே' என்றோ 'அவன்தான்' என்றோ ஆகும். இரண்டும் ஒரு பொருளன அல்ல. நூற்பெயராயின் மேற்கோட்குறி போதும். ஆங்கிலத்தில் அயற்சொல்லாகச் சாய்ந்து கிடந்த 'இட்டிலி' தமிழுக்கு வரும்போது நிமிர்ந்தே நிற்கவேண்டும்.