ரங்கூன் ஸ்டுடியோப் படங்கள்

சென்ற மாத உரையைக் கேட்கத் தவறியவர்களுக்காக அதன் சுருக்கம் இங்கே.

ஃபிலிப் அடால்ஃப் கிளியர் என்ற ஜெர்மானியர் 1870களில் மோல்மீனிலும் பின்னர் ரங்கூனிலும் புகைப்பட நிலையம் நடத்தினார். அழகான படங்கள்தான். ஆனால் பலவற்றில் இருப்பவருக்குப் பெயர் கிடையாது, 'பர்மியப் பெண்' என்பதோடு சரி. வாங்கியவர்கள் வெளிநாட்டார் அல்லவா!

தன் காசில் தானே எடுத்துக்கொண்ட படம் வேறு சங்கதி. 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூனின் சுமார் 4 லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர். அவர்களில் ஒருவர் என் பெரியப்பா, செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளை. எழுதிய திரைச்சீலைக்கு முன்னால் கைக்கடிகாரம் தெரியும்படி உட்கார்ந்திருப்பார். கடிகாரம் ஸ்டுடியோக்காரருடையது என்பார் அப்பா. ஊரில் இருந்தவர்களுக்கு அது தெரியவேண்டியதில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறான், அது போதும்.

1942இல் குண்டுக்குப் பயந்து லட்சக்கணக்கானோர் கால்நடையாகவே இந்தியா வந்தார்கள். நடக்கிறவர் அரிசியைத் தூக்குவாரா, ஆல்பத்தைத் தூக்குவாரா? அடுத்து நெ வின் ஆட்சியில் கடைகள் அரசுடைமையாயின. 1964 மே 17இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கணக்கு எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன், ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் இருப்பு பூஜ்யமாவது சாதாரண விஷயமல்ல. கப்பலேறி வந்தவர்களிடம் எஞ்சியது கொஞ்சம்.

அங்கே தங்கிப்போன படங்களை 2013 முதல் தேடித் திரட்டியவர் ஆஸ்திரியாவிலிருந்து வந்த பயணி, கலைஞர் லூக்காஸ் பிர்க். யாங்கோன் கடைகளிலும் மூடிய ஸ்டுடியோக்களிலும் கிடைத்த பல்லாயிரம் படங்கள் 'மியான்மர் ஃபோட்டோ ஆர்கைவ்' என்ற தொகுப்பாயின. பெல்லே ஸ்டுடியோவில் 1979 வாக்கில் பெல்பாட்டம் அணிந்து நிற்கும் இளைஞர்களைப் பார்த்தால் நம் கல்லூரிக் காலம் நினைவுக்கு வரும். வெளிநாட்டார்தான் இதையும் செய்யவேண்டியிருந்ததே என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் கிளியர் செய்யாததை இவர் செய்தார். உள்ளூர்ப் புகைப்படக்காரர்களின் பெயர்களையும் சேர்த்துப் பதிந்தார்.

படத்தில் இருப்பவரின் பெயரை வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்லமுடியும். ரங்கூன் படமோ யாழ்ப்பாணப் படமோ, இருந்தால் அவர்களிடம் காட்டுங்கள். பெயர், ஊர், ஆண்டு, ஸ்டுடியோ முத்திரை இவற்றைப் பின்பக்க ஓரத்தில் பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.