சுலோசன முதலியார் பாலம்

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குச் செல்லும் அன்பர்கள் தாமிரவருணியைக் கடந்தே செல்லவேண்டும். கொக்கிரகுளத்தின் அருகே அவ்வாற்றின் மேல் நிற்கும் பழைய பாலத்திற்குச் சுலோசன முதலியார் பாலம் என்று பெயர். அப்பெயரை நாடோறும் சொல்வோர் பலர். அதன் சரித்திரத்தை அறிந்தோர் சிலரே. ஆகவே அதனை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

பொதிகையில் தோன்றும் தாமிரவருணி, தென்மேற்குப் பருவமழையாலும் வடகிழக்குப் பருவமழையாலும் நீர் பெறுவது. ஆதலால் நம் நாட்டுப் பல நதிகளைப்போல் ஆண்டில் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பதில்லை. வயலுக்கு அது பெரும்பேறு; வழிப்போக்கனுக்கோ பெருந்தடை. நதிக்கு மேற்கே நெல்லையப்பர் திருக்கோயிலும் கடைவீதிகளும்; கிழக்கே கோட்டையும் பட்டாளமும் இருந்த பாளையங்கோட்டை. இரண்டு ஊர்களுக்கும் இடையே தூரம் சொற்பமே. எனினும் பாலம் தோன்றுமுன் படகுத்துறையில் காத்து நின்றுதான் அக்கரை சேரவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெள்ளம் பெருகினால் அதுவும் இயலாது.

இத்துன்பத்தை நீக்கியவர், ஜில்லாக் கலெக்டரின் கச்சேரியில் சிரஸ்தேதாராக உத்தியோகம் பார்த்த சுலோசன முதலியார். 1799ஆம் ஆண்டில் மேஜர் பானர்மனிடமிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்குத் தூது சென்ற இராமலிங்க முதலியாரின் குமாரர் இவர் என்பது வழங்கிவரும் செய்தி. கட்டபொம்மன் சரித்திரத்தில் தந்தையின் பெயரைப் படிப்போர் மனம் மகிழ்வதில்லை. அதனை நாம் மறைக்கவேண்டுவதுமில்லை. மைந்தர் பெயரோ ஜனங்களின் வாயில் உபகாரத்தின் பெயராக நிலைத்துவிட்டது. தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அவர் கட்டுவித்த இப்பாலம் 1843இல் முற்றுப்பெற்றது. செலவு ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய் என்பர். ஒரு மாதச் சம்பளக்காரருக்கு அது எத்துணைப் பெருந்தொகை என்பதை விளக்கவேண்டுவதில்லை.

பாலத்திற்கு 60 அடி அகலமுள்ள வளைவுகள் பதினொன்று. வளைவின் மேல் ஏறும் பாரம் இருபுறத்துத் தூண்களிலும் பகிர்ந்து இறங்கும். வெள்ளமோ வளைவுகளின் கீழ்த் தடையின்றி ஓடும். பிற்காலத்துப் பெருவெள்ளம் ஒன்றில் இதன் ஒரு பகுதி சிதைந்து, பின்னர்ச் செப்பனிடப்பட்டது. வண்டிகள் பெருகியபோது அகலமும் கூட்டப்பட்டது. 1992ஆம் ஆண்டு வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் இப்பாலம் கண்டிருக்கிறது.

இக்கரையில் நிகழ்ந்த துயரம் ஒன்றையும் சொல்லாது விடலாகாது. 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கலெக்டர் ஆபீஸை நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மீது போலீஸார் தடியடி நடத்தினர். ஓடியவர்கள் ஆற்றில் இறங்க, ஒரு குழந்தை உட்படப் பதினேழு பேர் உயிர் நீத்தனர். மனிதர் துன்பமின்றி நதியைக் கடக்கவேண்டுமென்று ஒருவர் தம் செல்வத்தை ஈந்த இடத்திற்கு அண்மையிலேயே இது நிகழ்ந்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நைகின்றது.

திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் 1994இல் ஒரே மாநகராட்சியாயின. சட்டம் அன்று இணைத்த இருகரைகளையும் பாலம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இணைத்துவிட்டது.

நம் சங்கத்தார் சுலோசன முதலியாரை நம்மவர் என்று கூறி மகிழ்வதுண்டு. மகிழ்வது தவறன்று. ஆனால் அவர் நம்மவர்க்கென்று ஒரு சத்திரமோ மடமோ கட்டி நின்றிருப்பின், இன்று அவர் பெயரைச் சொல்வோர் நாம் மட்டுமே. எக்குலத்தார் வரினும் கடக்கும் வழியை அவர் அமைத்தார். ஆதலின் ஊர் முழுவதும் அவரைத் தம்மவர் என்கிறது. நம் சங்கத்தின் தரும நிதியிலிருந்து உபகாரச் சம்பளமோ வேறு உதவியோ வழங்கும்போது, அதன் வாயில் எத்துணை அகலமாக இருக்கவேண்டும் என்பதை அப்பாலத்தைப் பார்த்து அறிவோமாக.